ஓட்டைக்குக் காப்பு, உடையவனுக்கு ஆப்பு

வணிக சர்வர் விற்கும் கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் திருநீறு பூசிக்கொண்டு வந்து நிற்கின்றன. இனிமேல் மென்பொருள் அப்டேட்டுகளை மறையாக்கம் செய்த எச்டிடிபிஎஸ் வழியாகத்தான் இறக்க முடியுமாம். பழைய எஃப்டிபி வாசலுக்கு மூடுவிழாவாம். எல்லாம் வாடிக்கையாளரின் பாதுகாப்புக்காகவாம். அடேயப்பா, என்ன கரிசனம்!

இந்தக் கரிசனம் இத்தனை காலம் எங்கே போயிருந்தது? எஃப்டிபியின் முதல் வரைவை அபய் பூஷண் எழுதியது 1971இல். கடவுச்சொல்லையும் கோப்பையும் ஒளிவுமறைவில்லாமல் கம்பியில் அனுப்பும் முறை அது. ஒருவரையொருவர் அறிந்த நாலு ஆய்வுக்கூடங்களுக்கு அதுவே போதும். எச்டிடிபிஎஸ்ஸுக்கு அடித்தளமான எஸ்எஸ்எல் 2.0ஐ நெட்ஸ்கேப் வெளியிட்டது 1995இல். 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு, யார் கேட்டாலும் எச்டிடிபிஎஸ்ஸுக்கு வேண்டிய சான்றிதழைச் சும்மாவே கொடுக்கத் தொடங்கியது. தன்னார்வலர்கள் நடத்தும் டெபியன் லினக்ஸே 2017 நவம்பரில் பொது எஃப்டிபி சேவையை இழுத்து மூடிவிட்டது. வங்கிக் கணக்கையும் மருத்துவமனைப் பதிவையும் சுமக்கும் இயந்திரங்களைக் கோடிக்கணக்கில் விற்றவர்களுக்கு மட்டும் இப்போதுதான் பொழுது விடிந்திருக்கிறது. விடிந்த கையோடு, சூரியனையே தாங்கள்தான் கண்டுபிடித்ததாகத் தம்பட்டம் வேறு.

மறையாக்கம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வழியில் ஒட்டுக்கேட்பவனையும் கைவைப்பவனையும் அது தடுக்கும். ஆனால் கிளம்பும் இடத்திலேயே நஞ்சு கலந்தால் என்ன செய்யும்? 2020இல் சோலார்விண்ட்ஸ் கம்பெனியின் ஓரியன் அப்டேட்டுக்குள் ஊடுருவிகள் கள்ளவாசல் வைத்தார்கள். கம்பெனியின் அசல் கையொப்பத்தோடு அது 18,000 வாடிக்கையாளர்கள் வரை போனது. வழியில் யாரும் அதைத் தொடவில்லை. தொட வேண்டிய தேவையே இருக்கவில்லை. தன் வீட்டுக்குள் திருடன் குடியிருப்பது தெரியாதவர்கள் தெருவுக்குக் காவல் போடுகிறார்கள்.

சரி, புதிய வாசலுக்கு வருவோம். அது எஸ்எஸ்எல்லின் வாரிசான டிஎல்எஸ் மறையாக்க முறையில் 1.2ஆம் பதிப்பைக் கேட்கிறது. சர்வர் அறையில் மூலையில் ஓடும் பழைய இயந்திரத்துக்குத் தெரிந்தது டிஎல்எஸ் 1.0 மட்டும். 1.2ஐக் கற்றுக்கொடுக்கும் அப்டேட் எங்கே இருக்கிறது? அதே வாசலுக்கு உள்ளே! பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. கடைசியில் அட்மின் வேறொரு கணினியில் கோப்பை இறக்கி, பென் டிரைவில் போட்டு, கையால் கொண்டுபோய்ச் செருகுகிறார். மறையாக்கப் புரட்சியின் மகத்தான கடைசிக் கட்டம், சட்டைப்பைக்குள் ஒரு பென் டிரைவ்.

அதுவாவது தொலையட்டும். உண்மையான பூட்டு எச்டிடிபிஎஸ்ஸில் இல்லை, அதற்கு அடுத்த திரையில் இருக்கிறது. கணக்கைத் திற, கடவுச்சொல்லைப் போடு, ஓடிபியைப் போடு, சீரியல் எண்ணைப் போடு, ஒப்பந்த எண்ணைப் போடு. ஒப்பந்தம் காலாவதியா? போய் வா மகராசா. 2010இல் சன் கம்பெனியை விழுங்கிய ஆரக்கிள், அதன் சோலாரிஸ் இயங்குதளத்தின் பேட்ச்சுகளை ஆதரவு ஒப்பந்தத்துக்குப் பின்னால் பூட்டியது. 2014 பிப்ரவரியில் எச்பி, தன் ப்ரொலையன்ட் சர்வர்களின் பயாஸ் அப்டேட்டை வாரண்டியோ ஒப்பந்தமோ உள்ளவர்களுக்கு மட்டும் என்றது. 2025 ஏப்ரலில் பிராட்காம், விஎம்வேர் அப்டேட்டுகளின் பழைய முகவரிகளை மூடிவிட்டு, வாடிக்கையாளருக்கென்று தனி டோக்கன் ஒட்டிய முகவரிகளைக் கட்டாயமாக்கியது.

பாதுகாப்பு அப்டேட் என்பது என்ன? தான் விட்ட ஓட்டையைத் தானே அடைப்பது. கூரையை ஒழுக ஒழுகப் போட்டுவிட்டு, அதை அடைக்க ஆண்டுச் சந்தா கேட்கும் கொத்தனாரை ஊர் சும்மா விடுமா? இங்கே அதற்குப் பெயர் வணிக உத்தி. காசு கட்டாதவனின் சர்வர் ஓட்டையோடு கிடந்தால் அவன் மட்டுமா சாகிறான்? அதைப் பிடித்த ஊடுருவி அங்கிருந்தே அடுத்தவனையும் தாக்குகிறான். பணம் கட்டியவனும் சேர்ந்தே அடிபடுகிறான்.

இந்தக் கம்பெனிகளுக்குத் தானாகப் புத்தி வராது என்பது ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் புரிந்துவிட்டது. 2024இல் அது நிறைவேற்றிய சைபர் ரெசிலியன்ஸ் சட்டம், பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தாமதமின்றி இலவசமாகத் தரச் சொல்கிறது. ஒரு வணிக வாடிக்கையாளருக்கென்றே தனியாகச் செய்து கொடுத்த பொருளுக்கு மட்டும் விலக்கு. 2027 டிசம்பரில் அது முழுமையாக நடைமுறைக்கு வருகிறது. செய்த தவறைக் காசு வாங்காமல் திருத்து என்று சொல்ல ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது, வெட்கக்கேடு!

அதுவரை ஆயுதம், சர்வர் வாங்குபவர் கையில்தான். அடுத்த சர்வருக்கான டெண்டரில் இரண்டு வரி சேருங்கள்: இயந்திரம் ஓடும் காலம் முழுக்கப் பாதுகாப்பு அப்டேட் இலவசம், பழைய இயந்திரம் புதிய வாசலுக்குள் நுழைய வழிசெய்து தருவது விற்றவர் பொறுப்பு. மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.