பதினாறாம் நாள் பௌதிகம்

எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும் சாமியானா ஓரத்தில், ஃபேன் காற்று படும் இடமாகப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பார். ஓய்வு பெற்ற பௌதிக வாத்தியார். திருச்சிப் பக்கம் ஊருக்கு ஒருவர் நிச்சயம்.

மாலை போடுவது, ஐஸ் பெட்டியைச் சுற்றி வருவது, மகனின் தோளைத் தட்டி "தைரியமா இருப்பா" என்பது எல்லாம் மற்றவர்களைப் போலத்தான். பேப்பர் கப்பில் டீ வந்த பிறகுதான் வகுப்பு ஆரம்பம். பக்கத்தில் இருப்பவர் பேச்சுக்கு, "நல்ல ஆத்மா, நேரா மேலதான் போயிருக்கும்" என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான்.

"நேராவா? எவ்வளவு தூரம் தெரியுமாங்க?"

கருட புராணத்தை இவர் மாதிரி கரைத்துக் குடித்தவர்கள் புரோகிதர்களிலேயே குறைவு. கிண்டல் பண்ணத்தான் எடுத்தார். ஆனால் உள்ளே எண்கள் இருந்தன, வாத்தியார் விழுந்துவிட்டார். யமபுரத்துக்கு 86,000 யோஜனை. உயிர் இரவு பகலாக நடந்து ஒரு நாளைக்கு 247 யோஜனை கடக்கும். யோஜனைக்கு எத்தனை மைல் என்பதில் ஆளுக்கொரு கணக்கு உண்டு. இவர் எட்டு மைலில், அதாவது சுமார் 13 கிலோமீட்டரில் நின்றுகொள்வார். செல்போனில் தட்டுவார். மொத்தம் 11 லட்சம் கிலோமீட்டர். நிலா இருக்கும் தூரத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. வேகம் மணிக்கு 130-க்கு மேல்.

"நடந்து போறதா எழுதியிருக்கான். வைகை எக்ஸ்பிரஸ் தோத்துரும்!"

அதோடு விடுவாரா? சந்திரயான்-3 கிளம்பி 40 நாளில் நிலாவில் இறங்கியது. ஆன்மா அதே தூரத்தைக் கடக்க 120 நாள். ஆகவே இஸ்ரோ மனது வைத்தால் செத்தவரை நாலே மாதத்தில் யமன் முன் நிறுத்திவிடலாம். இதைச் சொல்லும்போது முன்வரிசையில் யாரோ விசும்புவார்கள். வாத்தியார் குரலை ஒரு சுருதி இறக்குவாரே தவிர நிறுத்த மாட்டார்.

நம்புகிறவர்கள் வானத்தை நோக்கிக் கையைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். துளியும் நம்பாத இவரிடம்தான் தூரம், வேகம், போய்ச் சேரும் தேதி எல்லாம் இருக்கிறது.

ஆன்மாவின் எடையும் இருக்கிறது. 1901இல் தொடங்கி அமெரிக்காவில் டங்கன் மெக்டூகல் என்ற மருத்துவர், சாகக் கிடந்த ஆறு பேரைக் கட்டிலோடு தராசில் ஏற்றினார். முதல் ஆள் போனபோது முக்கால் அவுன்ஸ், அதாவது 21 கிராம் குறைந்தது. மற்றவர்களின் கணக்கு ஒத்துவரவில்லை. பதினைந்து நாய்களையும் நிறுத்தார். அவற்றில் ஒன்றும் குறையவில்லை. வாத்தியாருக்கு இதில் ஒரே ஆட்சேபணை. "தருமரோட சொர்க்க வாசல் வரைக்கும் போச்சே, அந்த நாயை இவர் நிறுத்தாரா?"

இவருடைய உச்சக்கட்டம் பதினாறாம் நாள், காவிரிப் படித்துறையில். யமபுரம் போகும் வழியில் வைதரணி ஆற்றைக் கடக்க உதவும் என்று பசு தானம் என்பார்கள். பசு என்றால் இப்போது தேங்காய், வெற்றிலை பாக்கோடு ஒரு ரூபாய் நோட்டு. வாத்தியார் குறுக்கே வருவார்.

"ஐயரே, ஒரு சந்தேகம். 86,000-ஐ 247-ஆல வகுத்தா 348 நாள். சந்திர வருஷம் 354. முதல் திதிக்கு ஆறு நாள் மிச்சம். வைதரணி அந்த 86,000-ல சேராதுன்னு புஸ்தகத்துலயே இருக்கு. அப்ப அந்த ஆறு நாள் ஆத்துக்குத்தான். சரியா?"

"சரி சார்."

"ஆத்தோட அகலம் நூறு யோஜனை. ஆறு நாள்ல 1,300 கிலோமீட்டர். மணிக்கு ஒம்பது. வாலைப் பிடிச்ச ஆளையும் இழுத்துக்கிட்டு எந்தப் பசு அந்த வேகத்துல நீந்தும்? மோட்டார் படகுல்ல தானம் கொடுக்கணும்?"

ஐயர் தர்ப்பையைத் திருத்திக்கொண்டே சொன்னார்: "கொடுங்கோ சார். வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

யமனைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. உலகத்தில் நொடிக்குச் சுமார் இரண்டு சாவு, ஒரே எருமை என்று தொடங்கும். அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார்கள். பந்தி விஷயத்தில் வாத்தியார் தாமதிப்பதில்லை.

வீட்டில் மட்டும் கதை வேறு. புரட்டாசி மகாளய அமாவாசைக்கு மனைவி வாழை இலைத் துண்டில் சோறும் ஒரு வடையும் வைத்து மாடிக்குக் கிளம்பினார். வாத்தியார் வழிமறித்தார். உணவுச் சங்கிலியில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் பத்து சதவீத ஆற்றல்தான் போகும், லிண்டெமன், 1942. காக்கை ஒரு படி என்றால் அப்பா அடுத்த படி. அப்பாவுக்கு ஒரு முழு வடை போய்ச் சேர வேண்டுமானால் காக்கைக்குப் பத்து வைக்க வேண்டும். கிண்டலாகத்தான் ஆரம்பித்தார் போலிருக்கிறது. ஆனால் சொல்லி முடிக்கும்போது முகத்தில் கிண்டல் இல்லை. அடுப்படியில் இன்னும் எத்தனை வடை இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்.

அந்த அம்மா கைப்பிடிச் சுவரில் ஒரே ஒரு வடையை வைத்துவிட்டு இறங்கினார்.

"உளுந்து விக்கிற விலையில உங்கப்பாவுக்குப் பத்துல ஒரு பங்கு போதும். அவருக்குச் சர்க்கரை வேற."