நாற்காலி வாடகை

(இடம்: சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் தேக்கா. ரசிகர், கிராஃப்ட் பியர் பிரியர். கணக்கர், குடிப்பதில்லை, பில்லை மட்டும் படிப்பவர்.)

ரசிகர்: அண்ணே, உங்களுக்குக் குடி பிடிக்காது என்று தெரியும். ஆனால் இது ரசனை! 1932இல் டைகர் வந்ததிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த ஊரில் பியர் என்றால் டைகர், விட்டால் ஆங்கர். 1997இல் ஆற்றங்கரையில் பிரூவெர்க்ஸ் சொந்தமாகக் காய்ச்ச ஆரம்பித்தது. 2010இல் மரினா பே நிதி மையத்தின் 33ஆம் மாடிக்கே கொப்பரைகளை ஏற்றிவிட்டார்கள். டிர்விட் சாலையில் சீன மருந்து வணிகர் சங்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் விதவிதமான பியரைக் குழாயில் விட்டார்கள். கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் நியூவாட்டரில்கூட ‘நியூபிரூ’ என்று ஒன்றைக் காய்ச்சி 2022இல் கடைக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல ஐபிஏ ரக பியர் ஒன்றை எடுங்கள். முதல் மடக்கில் மாம்பழம் மணக்கும், இரண்டாவதில் பைன் மரம். சாக்கடைக்குப் போன தண்ணீரையே சப்புக்கொட்டி ரசிக்கக் கற்றுக்கொண்ட ஊர் அண்ணே இது!

கணக்கர்: மணத்தை நீங்கள் பாருங்கள் தம்பி, பில்லை நான் பார்க்கிறேன். பட்டியலில் 16 வெள்ளி என்றிருந்தால், சேவைக் கட்டணம் 10 விழுக்காடும் அதன்மேல் ஜிஎஸ்டி 9 விழுக்காடும் சேர்ந்து 19 வெள்ளி 18 காசு. அதில் மதுவுக்கான கலால் வரி எவ்வளவு? தூய ஆல்கஹால் லிட்டருக்கு 60 வெள்ளி என்று 2014 வரவுசெலவுத் திட்டத்தில் உயர்த்தினார்கள். 5 விழுக்காடு வீரியமுள்ள அரை லிட்டர் பியரில் 25 மில்லிலிட்டர் ஆல்கஹால். ஆக வரி ஒன்றரை வெள்ளி. தேக்கா கடையில் வாங்கும் அதே அளவு, அதே வீரியமுள்ள டின்னுக்கும் கலால் வரி அதே ஒன்றரை வெள்ளிதான். மாம்பழமும் பைன் மரமும் சுங்கத்துறையின் மூக்குக்கு எட்டுவதில்லை. வாங்கும்போது கிளாஸ்காரரையும் டின்காரரையும் சமமாக நடத்துகிற ஊரில், குடிக்கும்போது மட்டும் ஒருவர் ரசிகராகவும் இன்னொருவர் பிரச்சினையாகவும் எப்படி ஆகிறார்கள்?

ரசிகர்: தரத்தில் அண்ணே, தரத்தில்!

கணக்கர்: நாற்காலியில் தம்பி. 2015 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மதுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். இரவு 10.30 மணியிலிருந்து காலை 7 மணிவரை பொது இடத்தில் குடித்தால் 1,000 வெள்ளிவரை அபராதம். அதே நேரத்தில் உரிமம் உள்ள கடைக்குள் உட்கார்ந்திருப்பவர் அடுத்த கிளாஸுக்குக் கை தூக்கலாம். லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங்குக்கும் தனி விதி: சனிக்கிழமை காலை 7 மணி தொடங்கித் திங்கள் காலை 7 மணிவரை வெட்டவெளியில் ஒரு மடக்கும் கூடாது. ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு சிங்கப்பூர் ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்து டின்னைத் திறந்தால் அது ஓய்வு. அதே நேரத்தில் ரேஸ் கோர்ஸ் சாலைப் புல்தரையில் திறந்தால் குற்றம். இத்தனைக்கும் அந்த டின்னை மாலை 7 மணிவரை தேக்காவிலேயே வாங்கிக்கொள்ளலாம். வாங்கலாம், திறக்கத்தான் கூடாது!

ரசிகர்: காரணமில்லாமலா செய்தார்கள்? 2013 டிசம்பர் 8ஐ மறந்துவிட்டீர்களா? நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கலவரமே காணாத ஊரில், இதே லிட்டில் இந்தியாவில் ஆம்புலன்ஸைக் கொளுத்தினார்கள். விசாரணைக் குழுவே மதுவைச் சொன்னதே!

கணக்கர்: சொன்னது. முன்னாள் நீதிபதி ஜி.பன்னீர்செல்வம் தலைமையிலான குழு 2014 ஜூனில் வெளியிட்ட அறிக்கையில் மதுவும் ஒரு காரணம். பேருந்தில் சிக்கி ஓர் இந்தியத் தொழிலாளி இறந்ததும், மீட்கவந்தவர்களைக் கூட்டம் தவறாகப் புரிந்துகொண்டதும் அதே அறிக்கையில் உள்ளவைதாம். வட்டாரக் குடியிருப்பாளர்கள் குப்பையையும் அசுத்தத்தையும் பற்றிச் சொன்ன புகார்களும் பொய்யில்லை. கலவரம் செய்தவர்கள்மீது வழக்குப் போட்டது சரி. அடுத்த வார இறுதியில் மது விற்பனையை நிறுத்தியதும் சரி. ஆனால் ஒரு ஞாயிறு இரவின் கோபத்துக்கு அதன்பின் வந்த ஞாயிறுகள் அத்தனையும் பிணை நிற்கின்றன. அன்று ஊரிலேயே இல்லாத, அதற்குப் பிறகு விமானம் ஏறிவந்த தொழிலாளிக்கும் அதே தடைதான். ஆற்றங்கரையில் கிளார்க் கீ மதுக்கூடங்களில் போதையில் சண்டை வந்தால் சண்டை போட்டவரைப் பிடிக்கிறார்கள். வார இறுதி முழுக்க ஆற்றங்கரையையா தண்டிக்கிறார்கள்?

ரசிகர்: அப்படியானால் இது நம் ஆட்களைக் குறிவைத்த சட்டம் என்கிறீர்கள்?

கணக்கர்: அப்படிச் சொன்னால் வாதம் சுலபமாகிவிடும், உண்மை அவ்வளவு சுலபமில்லை. கிளார்க் கீயில் ரீட் பாலத்தின்மேல், கடையில் வாங்கிய பாட்டிலோடு எல்லா இனத்து இளைஞர்களும் கூடுவார்கள். பத்தரை மணி விதி அவர்களையும் எழுப்பிவிட்டது. பாலத்துக்குக் கீழே, பில் கட்டி உட்கார்ந்தவர்களை எழுப்பவில்லை. ஆக, கோடு பில்லில் விழுகிறது. நீங்கள் கொடுக்கும் 19 வெள்ளியில் பெரும்பகுதி நாற்காலிக்கும் கூரைக்கும் கழிப்பறைக்கும் வாடகை. நாளொன்றுக்கு 20 வெள்ளி அளவில் அடிப்படைச் சம்பளம் வாங்கும் கட்டுமானத் தொழிலாளிகள் பலருக்கு அந்த வாடகை ஒருநாள் உழைப்பு. வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து குடிக்கலாமே என்றால், ஓர் அறையில் பத்துப் பேருக்கு மேல் தங்கும் விடுதியில் கூடம் எங்கே இருக்கிறது? விதி எல்லாருக்கும் ஒன்றுதான். கூரை இல்லாதவன் தலையில் மட்டும் அது நேராக விழுகிறது.

ரசிகர்: தேக்கா காப்பிக்கடையில் உட்காரலாமே? அதோடு, குடிக்காமல் இருந்தால் அவர்களுக்குத்தானே நல்லது? கள்ளுக்கடைகள் நம் கூலித் தொழிலாளிகளை என்ன பாடு படுத்தின! 1932இல் தொடங்கிய தமிழர் சீர்திருத்தச் சங்கமே கள்ளை எதிர்த்ததே!

கணக்கர்: எதிர்த்தது; மதிக்கிறேன். அவர்கள் குடியையே எதிர்த்தார்கள். கள்ளுக்கடையை மூடிவிட்டு 33ஆம் மாடியில் திறக்கச் சொல்லவில்லை. உங்களுக்கும் மதுவிலக்குதான் கொள்கை என்றால் முதலில் அந்த ஐபிஏவைக் கீழே வையுங்கள், பேசலாம். காப்பிக்கடை நல்ல யோசனைதான். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வருவது பல்லாயிரம் பேர், காப்பிக்கடைகளில் இருப்பது சில நூறு நாற்காலிகள். குறையை அங்கே சரிசெய்யலாம். சைனாடவுன் உணவங்காடி நிலையத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே, உயர்ந்த ரக கிராஃப்ட் பியர் விற்றுக் காட்டியிருக்கிறார்கள். பியரை ஒழுங்காகக் குடிக்கப் பளிங்குத் தரை தேவையில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அப்படி ஓர் இடத்தை தேக்காவில் விரித்துப்போடுங்கள்: நிழல், கழிப்பறை, நியாயமான விலை, அளவு மீறினால் ஊற்ற மறுக்கும் உரிமம், விடுதிக்குப் போகும் கடைசிப் பேருந்து. காவலர் வேலை குறையும், புல்தரையும் சுத்தமாகும். அதற்குப் பிறகும் வெளியே குடிப்பவருக்கு அபராதம் போட்டால் நானே கைதட்டுவேன்.

ரசிகர்: நல்ல யோசனை அண்ணே! அப்படி ஓர் இடம் வந்தால் நாங்களும் வருவோம். ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டமாக இருக்குமோ?

கணக்கர்: இருக்கும் தம்பி. நீங்கள் வேண்டுமானால் செவ்வாய்க்கிழமை வாருங்கள். உங்களுக்குத்தான் எல்லாக் கிழமையும் சட்டம் அனுமதி கொடுத்திருக்கிறதே!