பால்வளத்துறை டவாலி

குழந்தை பிறப்பதற்கு முன்பே தாய்ப்பால் பற்றி நான் படித்து முடித்துவிட்டேன். மனைவிக்குப் படிக்க நேரமில்லை, அவள் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள். ஆகவே வீட்டின் பால்வளத்துறையை நானே ஏற்றுக்கொள்வதாக அறிவித்தேன். "துறை எங்கிட்டதாங்க இருக்கு. நீங்க வேணா டவாலியா இருங்க" என்றாள். அன்று கிடைத்த பதவி. இன்னும் உயர்வு வரவில்லை.

முதல் சோதனை மருத்துவமனையிலேயே வந்தது. "பால் பத்தல, அதான் புள்ள அழுவுது" என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். முதல் நாளில் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வதே 5 முதல் 7 மில்லிதான், சீம்பால் ஒன்றிரண்டு ஸ்பூன் இறங்கினாலே போதும் என்று விளக்கினேன். "நீ பொறந்தப்பவும் ஆஸ்பத்திரில இப்படித்தான்டா சொன்னாங்க. கேட்டேன். அதான் இப்படி இருக்க" என்றார். அதற்குமேல் அறிவியலால் பேச முடியவில்லை.

அத்தைக்குத் தூத்துக்குடி, பால் சுறாப் புட்டைத் தவிர வேறெதையும் நம்பமாட்டார். அம்மாவுக்குத் தஞ்சாவூர்; பூண்டுக் குழம்பு, வெந்தயக் களி, முருங்கைக்கீரை. இரண்டு சம்பந்திகளும் ஒரே அடுப்பில் போட்டி போட்டுச் சமைத்ததை ஒரே ஒரு பெண்ணால் சாப்பிட்டு முடிக்க முடியுமா? மீந்ததெல்லாம் எனக்கு. "வீணாக்கக் கூடாது மாப்ளே" என்று அத்தை மறுபடி வைப்பார். பால் சுரக்கச் செய்த சமையலில் பாதி என் வயிற்றுக்குள் போனது. எனக்கு எடை கூடியது. நல்லவேளை, வேறு விளைவு ஒன்றும் இல்லை.

பார்க்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்கள்: "பால் போதுதா?" குழந்தை சப்பச் சப்பப் பாலை உண்டாக்குவது புரோலாக்டின், அதை வெளியே இறக்கிவிடுவது ஆக்சிடோசின். இந்த இரண்டாவது ஆள் கொஞ்சம் கூச்ச சுபாவம். தாய் பயந்தாலோ பதறினாலோ வெளியே வரத் தயங்குவார். ஆக, அந்தக் கேள்வியே பாலை நிறுத்திவைக்கும். 'பால் பற்றிக் கேட்காதீர்கள்' என்று வாசலில் பலகை மாட்டலாம் என்றேன். "அப்ப பேப்பர்லயும் ஒரு விளம்பரம் குடுத்துருங்க" என்றாள் மனைவி.

அவள் மனதைக் குளிரவைக்கலாமென்று ஒரு மாலை நான்கு முழம் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போனேன். அத்தை அதை வாசலிலேயே மறித்தார். பால் கட்டிக்கொண்டால் வற்றவைக்க மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது நம் ஊர்ப் பழக்கம். வெறும் பாட்டி வைத்தியம் என்று தள்ளவும் முடியாது. பால் நிறுத்தும் மாத்திரையான புரோமோகிரிப்டினோடு மல்லிகைப்பூவை ஒப்பிட்டுப் பார்த்து 1988இல் மருத்துவ இதழிலேயே எழுதியிருக்கிறார்கள். தலையில் வைத்தால் ஒன்றும் ஆகாது என்று நான் வாதாடினேன். நான்கு முழமும் முருகர் படத்துக்குப் போனது.

இதற்குள் மனைவியின் விடுப்பு முடிய வந்தது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தை 2017இல் திருத்தி, 12 வாரமாக இருந்த விடுப்பை 26 வாரமாக்கினார்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்லும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கும் இதுவும் அழகாகப் பொருந்தும். பிரசவத்துக்கு முன்பு ஒருநாள்கூட லீவு எடுக்காமல், அலுவலக நாற்காலியிலிருந்து நேரே பிரசவ அறைக்குப் போனால். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், 15 மாதம் வரை பாலூட்ட தினமும் இரண்டு இடைவேளை வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அவள் அலுவலகத்தில் இடைவேளை இருந்தது, இடம்தான் இல்லை. காப்பகம் ஊரின் மறுகோடியில். கடைசியில் பாலை எடுத்துவைக்கக் கண்ணாடிக் கதவு போட்ட மீட்டிங் அறையைத் தந்தார்கள். கண்ணாடியை மறைக்க நான் வாங்கிக் கொடுத்த சார்ட் பேப்பரில், ஒட்டிய பிறகுதான் பார்த்தாளாம், மனித உடலின் ரத்த ஓட்டம் அச்சிட்டிருந்தது.

இப்படித்தான் பம்பு வீட்டுக்குள் வந்தது. பெட்டியோடு வந்த புனல் அவளுக்கு அளவு சரியில்லை, வலித்தது. புனலுக்கும் மில்லிமீட்டரில் அளவு உண்டு, அளந்துதான் வாங்க வேண்டும் என்று படித்தேன். நான் மெக்கானிக்கல் இன்ஜினீயர். வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். போன வேகத்திலேயே வெளியே வந்தேன்.

1920களில் அமெரிக்காவில் இந்த மாதிரிப் பம்பு ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கிய எட்வர்ட் லாஸ்கரும் மெக்கானிக்கல்தான். அதைவிடப் பெரிய பெயர் அவருக்குச் சதுரங்கத்தில். 1912இல் லண்டனில் ராணியைத் துணிந்து கொடுத்து, எதிராளியின் ராஜாவைப் பலகையின் மறுகோடி வரை நடக்கவிட்டு மாட் வைத்தவர். அவர் பம்பு செய்ததில் எனக்கு வியப்பில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு ராஜா நள்ளிரவில் படுக்கையறையிலிருந்து சிங்க் வரை அப்படித்தான் நடக்கிறான்.

கழுவுவதுதான் டவாலியின் முழுநேர வேலை. புனல், மூடி, சவ்வு, பாட்டில், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வால்வு. சுண்டுவிரல் நுனியளவு சிலிக்கோன். அது கிழிந்தால் இழுவை போயிற்று. தொலைந்தால் என் நிம்மதி போயிற்று. சிங்க் அடியில் டார்ச் அடித்தபடி நான் குப்புறக் கிடப்பதை என் மகன் தொட்டிலிலிருந்து பார்த்திருக்கிறான்.

ராத்திரியில் அந்த மோட்டார் பேசும். "போய்ட்டு வா, போய்ட்டு வா" என்று எனக்குக் கேட்கும். மனைவிக்கு "லீவு போடு, லீவு போடு". இருபது நிமிடம் பேசினால் 30 மில்லி. எட்டிப் பார்த்து நான் அளவு சொல்வதை அவள் தடைசெய்தாள். குழந்தை குடிக்கிற அளவுக்குப் பம்பு எடுக்காது, அதனால் அளவுக்கோட்டைப் பார்த்துக் கலங்காமலிருக்கப் பாட்டிலுக்கு சாக்ஸ் மாட்டிவிடலாம் என்று அனுபவஸ்தர்கள் சொல்வார்கள். குழந்தையின் சாக்ஸ் பாட்டிலுக்குப் போதவில்லை. என்னுடையது போதும். துவைத்ததுதான். "இதப் பாத்தா இருக்கிற பாலும் ஏறிடும்" என்றாள்.

எடுத்த பால் 25 டிகிரியில் நான்கு மணி நேரம் தாங்கும், ஃப்ரிட்ஜில் நான்கு நாள், ஃப்ரீசரில் ஆறு மாதம். சென்னையில் 25 டிகிரி என்பது ஏசி ரிமோட்டில் மட்டும் தென்படும் எண். ஆகவே எல்லாம் ஃப்ரிட்ஜுக்கு. கதவுப் பக்கம் வைத்தால் சூடேறும் என்று உள்தட்டைக் காலிசெய்து, இட்லி மாவை வெளியே வைத்தேன். மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்த காலையில் அம்மா என்னிடம் பேசவில்லை.

மகன் பாட்டிலைத் தொடமாட்டேன் என்றான். தாய் வீட்டிலிருந்தால் குடிக்காது, வேறு ஆள் கொடுக்க வேண்டும், தாயின் துணி வாசனை பக்கத்தில் இருக்கட்டும் என்று படித்திருந்தேன். மனைவியைக் கீழே அனுப்பிவிட்டு, அவளுடைய நைட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் வீறிட்டான். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் கேன்காரர் வந்தார். நைட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கேனை இறக்கினார்.

"பாட்டில் வேணாம் சார். பாலாடை இல்லியா?"

இருந்தது. அம்மா கொண்டுவந்த வெள்ளிப் பாலாடை, ஷோகேஸில். மூக்கு வைத்த சின்னக் கிண்ணி. வால்வு கிடையாது, சவ்வு கிடையாது, கழுவ அரை நிமிடம். கேன்காரர் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, பிள்ளையை நிமிர்த்தி மடியில் சாய்த்து, உதட்டோரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்தார். "எனக்கு ரெண்டும் ரெட்டப் புள்ள சார்" என்றார். மகன் கடைசிச் சொட்டு வரை குடித்தான்.

கீழேயிருந்து போன் வந்தது. "குடிச்சானா?"

"குடிச்சான்."

"நீங்களா குடுத்தீங்க?"

கேன்காரர் காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்தும்வரை பொறுத்திருந்து, "ஆமா" என்றேன்.