வீட்டுக்காரர் ஊரில் இல்லாத சமயம்

1999-ல் சூபாக்காவின் தலையில் நிலா விழுந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே ஒரு நிலா. ஸ்டார் வார்ஸ் படங்களில் ஹான் சோலோவின் பக்கத்தில் உறுமிக்கொண்டே நிற்கும் அந்த ரோமக்காரன், ஆர். ஏ. சால்வடோர் எழுதிய ‘வெக்டர் பிரைம்’ நாவலில், ஒரு கிரகத்தின்மேல் அதன் துணைக்கோளே வந்து மோதியபோது அடியில் அகப்பட்டுச் செத்துப்போனான். ரசிகர்கள் துக்கம் காத்தார்கள். எழுத்தாளருக்கு வசவு வந்தது. 2014 ஏப்ரலில் ஸ்டார் வார்ஸைத் தயாரிக்கும் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் ஓர் அறிவிப்பு விட்டது: இதுவரை வந்த நாவல்கள் எல்லாம் இனி ‘லெஜண்ட்ஸ்’, அதிகாரபூர்வக் கதையில் சேராது. மறுவருஷ டிசம்பரில் வெளியான படத்தில் சூபாக்கா எதுவுமே நடக்காததுபோல் ஹானோடு வந்து இறங்கினான். அத்தனை வருஷத் துக்கமும் ஒரே அறிக்கையில் ரத்து.

அப்படியென்றால் படங்களையும் தொடர்களையும் ஒட்டி வரும் இந்த வகை நாவல்களில் எதைப் படிப்பது, எதைத் தாண்டிப் போவது? ‘இது அதிகாரபூர்வமா?’ என்பதுதான் பெரும்பாலான ரசிகர்கள் முதலில் கேட்கும் கேள்வி. இல்லாத கிரகத்தில் நடக்காத சண்டைக்குப் பட்டா இருக்கிறதா என்று விசாரிக்கிற வேலை இது.

படத்தையோ தொலைக்காட்சித் தொடரையோ ஒட்டி உரிமம் வாங்கி நாவல் எழுதுகிறவர் வாடகை வீட்டில் குடியிருக்கிறார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. நாயகனைக் கொல்வதாக இருந்தாலும் கல்யாணம் செய்துவைப்பதாக இருந்தாலும் வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். காலி பண்ணும்போது வீடு முன்பு இருந்தபடியே இருக்க வேண்டும். இப்படி எழுதப்படும் கதையில் என்ன பெரிதாக நடந்துவிடும்? ஆனால், வீட்டுக்காரர் ஊரில் இல்லாத காலங்களும் உண்டு. நல்ல நாவல்கள் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன என்பது இதை எழுதுகிறவரின் கட்சி.

வருஷங்களைப் பார்த்தாலே புரியும். 1983-க்குப் பிறகு பல வருஷங்களுக்குப் புதிய ஸ்டார் வார்ஸ் படம் கிடையாது. 1991-ல் டிமோத்தி ஸான் ‘ஏர் டு தி எம்பயர்’ நாவலோடு வந்து, நீலத் தோலும் சிவப்புக் கண்ணுமாக த்ரான் என்ற தளபதியை நடுக்கூடத்தில் உட்கார வைத்தார். எதிரி இனத்தின் ஓவியங்களையும் சிற்பங்களையும் உட்கார்ந்து ஆராய்ந்து, அதிலிருந்தே அவர்களுடைய பலவீனத்தைக் கண்டுபிடிக்கிற ஆள் அவன். கோபம் வந்தால் கையாளின் கழுத்தை நெரிக்கிற வில்லனையே பார்த்துப் பழகிய வாசகருக்கு, கலைக்கூடத்தில் யோசிக்கும் வில்லன் புதுசு. புத்தகம் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2014-ல் இந்த நாவலும் ‘லெஜண்ட்ஸ்’ மூட்டையில் போனது. ஆனால் 2016-ல் கார்ட்டூன் தொடரிலும் 2023-ல் ‘அசோகா’ தொடரிலும் த்ரானை வீட்டுக்காரரே திரும்ப அழைத்துக்கொண்டார்.

டாக்டர் ஹூ கதை இன்னும் வேடிக்கை. 1989-ல் பிபிசி தொடரை நிறுத்தியது. 1991-லிருந்து 1997 வரை வர்ஜின் பதிப்பகம் தொடரை நாவல்களாக நடத்தியது. எழுதியவர்களில் பலர் அந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்த ரசிகர்கள். பால் கார்னெல் 1995-ல் எழுதிய ‘ஹியூமன் நேச்சர்’ நாவலில் டாக்டர் தன் அசல் அடையாளத்தையே மறந்து, முதல் உலகப் போருக்குச் சற்று முந்தைய இங்கிலாந்தில் பள்ளிக்கூட வாத்தியாராக வாழ்கிறார், காதலிலும் விழுகிறார். தொடர் திரும்ப வந்த பிறகு, இதையே கார்னெல் 2007-ல் தொலைக்காட்சிக்கு எழுதிக்கொடுத்தார். அப்போது தொடரைத் தலைமையேற்று நடத்திக்கொண்டிருந்தவர் ரஸல் டி டேவிஸ். அவரும் 1996-ல் இதே நாவல் வரிசையில் ஒன்று எழுதியவர். குடியிருந்தவர் கையிலேயே சாவி!

ஸ்டார் ட்ரெக்கில் புதிய தொலைக்காட்சித் தொடர் 1987-ல் தொடங்கியது. அதன் பிறகு நாவல்களுக்குக் கெடுபிடி கூடியது. அதற்கு முன் நடந்த கூத்துகளைச் சொல்லி மாளாது. 1985-ல் பார்பரா ஹாம்ப்ளி எழுதிய ‘இஷ்மேல்’ நாவலில் தொடரின் முக்கியப் பாத்திரமான ஸ்பாக் நினைவிழந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டு சியாட்டிலில் போய் விழுகிறார். அங்கே அவரைக் காப்பாற்றும் மர ஆலை முதலாளி வேறொரு தொலைக்காட்சித் தொடரின் பாத்திரம். அந்தத் தொடரில் முதலாளியாக நடித்த மார்க் லெனார்டுதான் ஸ்டார் ட்ரெக்கில் ஸ்பாக்கின் அப்பா. ஹாம்ப்ளி இந்த முடிச்சைப் பார்த்துவிட்டு, முதலாளியை ஸ்பாக்கின் தாய்வழி மூதாதையாகவே ஆக்கிவிட்டார். சம்பந்தம் பேசுவதில் நம் ஊர்ப் பெரியவர்களையே மிஞ்சிய வேலை.

இந்த விதி எப்போதும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. வீட்டுக்காரர் ஊரில் இல்லாத 1994-ல்தான் ‘தி கோர்ட்ஷிப் ஆஃப் பிரின்சஸ் லேயா’ வந்தது. அதில் ஹான் சோலோ சீட்டாட்டத்தில் ஒரு கிரகத்தை ஜெயிக்கிறான். பிறகு, சொன்னபடி கேட்கவைக்கும் துப்பாக்கியை நீட்டி லேயாவைக் கடத்திக்கொண்டு போகிறான். இதற்குப் பெயர் காதலாம். எதிர்ப்பக்கமும் உண்டு. 2005-ல் மேத்யூ ஸ்டோவர் ‘ரிவெஞ்ச் ஆஃப் தி சித்’ படத்தை நாவலாக்கியபோது, ஸ்டார் வார்ஸை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸே கைப்பிரதியைத் திருத்தியதாக ஸ்டோவர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தும், புத்தகம் படத்தைவிடப் பல மடங்கு மேல்.

படத்தை நாவலாக்கும் வகையில் ஐசக் அசிமோவின் ‘ஃபென்டாஸ்டிக் வாயேஜ்’ தனி ரகம். நோயாளியின் உடம்புக்குள் ஒரு நீர்மூழ்கியை ஆட்களோடு சுருக்கி அனுப்புகிறார்கள். படத்தில் ஆட்கள் கண் வழியாகத் தப்பிக்கிறார்கள். வெள்ளணு விழுங்கிய நீர்மூழ்கி உள்ளேயே கிடக்கிறது. சுருக்கம் விலகும் நேரம் வந்ததும் அது பழைய அளவுக்கு வளருமே, நோயாளி கதி என்ன? ஸ்டுடியோவுக்கு இந்தக் கவலை இல்லை, அசிமோவுக்கு இருந்தது. நாவலில் அந்த வெள்ளணுவையே பின்னால் வரவழைத்து, கண்ணீரோடு வெளியே கொண்டுவந்துவிட்டார். அவர் மளமளவென்று எழுதி முடித்ததால் புத்தகம் 1966-ல் படத்துக்கு முன்பே கடைக்கு வந்தது. பலர் படம்தான் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆகவே கடையில் நிற்கும் வாசகர் அட்டைப்படத்தில் முறைக்கும் நடிகரை விட்டுவிட்டு, முதலில் வெளியான வருஷத்தைப் பார்க்கட்டும். அடுத்தது எழுத்தாளர் பெயர்: சொந்தமாகவும் நல்ல நாவல் எழுதியவரா? இரண்டும் பொருந்தி வருகிற புத்தகம் ஜான் எம். ஃபோர்டின் ‘தி ஃபைனல் ரிஃப்ளெக்ஷன்’, 1984. ஸ்டார் ட்ரெக் கதையையே எதிரிகளான கிளிங்கான்களின் பக்கம் நின்று சொல்கிறது. தொடரின் நாயகன் கேப்டன் கிர்க் அதில் பெயருக்குத்தான் வருகிறார். தொடரை ஒரு எபிசோடுகூடப் பார்க்காதவர் இதிலிருந்து தொடங்கலாம். ‘இஷ்மேல்’ அதற்கு அடுத்தது.