வெயிலுக்கு வரி கட்டும் கடைகள்

கேள்வி: கூரையில் சோலார் தகடு போட நகராட்சியே காசு கொடுக்கும் ஊர் எங்கேயாவது உண்டா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு, அதுவும் அக்டோபர் பிறந்தால் தூறல் விடாத ஊரில்! அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாண்ட். 2018 நவம்பரில் மக்களே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த ஏற்பாடு இது. ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் விற்கும் பெருங்கடைகள், போர்ட்லாண்டில் மட்டும் 5 லட்சம் டாலரைத் தாண்டினால், அந்த உள்ளூர் விற்பனையில் 1 சதவிகிதத்தைக் கட்ட வேண்டும். மளிகைக்கும் மருந்துக்கும் விலக்கு. டி.வி. விற்றால் வரி, தக்காளி விற்றால் இல்லை.

அந்தப் பணம் தொண்டு அமைப்புகளுக்கு மானியமாகப் போய், வசதி குறைந்தவர் வீட்டுக் கூரையில் சோலார் தகடாக ஏறுகிறது; வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் உதவும் ஹீட் பம்பாகவும் வந்து சேர்கிறது. 2021-ல் முதல் சுற்றில் 45 மானியங்களுக்குச் சுமார் 86 லட்சம் டாலரை நகர மன்றம் அனுமதித்தது. அதற்குப் பிறகுதான் கூத்து. நினைத்ததைவிடப் பல மடங்கு பணம் கொட்டியது. உடனே நகரத்தின் மற்ற துறைகளும் ‘எங்கள் செலவும் பசுமைதான்’ என்று வரிசையில் வந்து நின்றன. மன்றமும் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிவிட்டது. பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ!