கணக்கெடுப்பு ஆணையருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை விண்ணப்பம்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், முன்னாள் கணக்கெடுப்பாளர்,
பாளையங்கோட்டை.

பெறுநர்:
இந்தியத் தலைமைப் பதிவாளர் மற்றும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர்,
புது தில்லி.

பொருள்: கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவரைத் தங்கள் பணிக்குப் பரிந்துரைத்தல் - தொடர்பாக.

பார்வை: 1948-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் மற்றும் எங்கள் காலனி வாட்ஸ்அப் குழுவின் 'ஞாயிறு கேள்வி'.

ஐயா,

2011-இல் சென்சஸ் டூட்டி பார்த்த 27 லட்சம் பேரில் நானும் ஒருவன். பிப்ரவரி 9 முதல் 28 வரை எனக்கு ஒதுக்கிய பகுதியில் நான் ஏறாத படி கிடையாது, என்னைப் பார்த்துக் குரைக்காத நாய் கிடையாது. கடைசி நாள் ராத்திரி, வீடில்லாதவர்களை எண்ணுவதற்காக டார்ச் லைட்டோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பி 'உங்க சொந்த ஊர் எது' என்று கேட்டு வசவு வாங்கியவன்.

அதற்கு முந்தைய ஆண்டு வீட்டுப் பட்டியல் எடுக்கப் போனதும் நான்தான். 35 கேள்விகள். கூரை ஓடா, தளமா? தரை மண்ணா, சிமென்டா? அடுப்பு எரிவது எதில்? கழிவுநீர் எங்கே போகிறது? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டால் ஜனங்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். வீட்டில் எத்தனை அறை என்று ஒரு கேள்வி இருந்தது. அடுத்த கேள்வியே, மணமான தம்பதிகள் எத்தனை ஜோடி என்று. இரண்டையும் ஒரே மூச்சில் நான் கேட்டுவிட, திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவர், "வாத்தியாரே, வகுத்துப் பாத்துட்டு மீதி எவ்வளவுன்னு நீரே சொல்லும்" என்றார்.

டி.வி. இருக்கிறதா என்று கேட்டு நான் பட்ட பாட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும். மாநில அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அரசாங்கத்து ஆள் கையில் நோட்டோடு வந்து டி.வி. இருக்கிறதா என்று கேட்டால் யார்தான் இருக்கிறது என்பார்கள்? உள்ளே நாடகத்தில் மருமகள் விம்மி அழுதுகொண்டிருக்கிறாள். வாசலில் நின்ற அம்மா கண்ணிமைக்காமல், "எங்க வீட்ல டி.வி.யே கிடையாது சார்" என்றார். அப்படியானால் உள்ளே அழுவது யார் என்று நான் கேட்கவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இப்போது பார்வை இரண்டுக்கு வருகிறேன்.

எங்கள் காலனிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தண்ணீர் எப்போது வரும், கரன்ட் எப்போது போகும் என்று சொல்வதற்காகத் தொடங்கியது. குழுவை நடத்துவது முனையில் மருந்துக்கடை வைத்திருக்கும் தம்பி. காலை வணக்கப் படங்களின் தொல்லை தாங்காமல், 'இனி ரோஜாப்பூ அனுப்பக் கூடாது, வாரத்துக்கு ஒரு கேள்வி, எல்லாரும் பதில் சொல்லலாம், அரசியல் மதம் வேண்டாம்' என்று ஒரு சட்டம் போட்டான். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கேள்வி விழும். படுக்கும்போது ஃபேன் எத்தனையில்? டூத் பேஸ்ட்டை அடியிலிருந்து பிதுக்குவீர்களா, நடுவிலா? பழைய செருப்பை ஏன் இன்னும் தூக்கிப்போடவில்லை? விருந்தாளி கிளம்ப வேண்டும் என்றால் என்ன ஜாடை காட்டுவீர்கள்?

ஐயா, பல் தேய்ப்பதற்கு முன்னால் எண்பது பதில்கள். எனக்கு நீங்கள் அடையாள அட்டை தந்தீர்கள், அச்சிட்ட படிவம் தந்தீர்கள், பதில் சொல்ல மறுத்தால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டமும் இருந்தது. அத்தனையும் இருந்தும் கதவைப் பாதிதான் திறந்தார்கள். மருந்துக்கடைத் தம்பியிடம் இருப்பதெல்லாம் ஒரு மஞ்சள் சிரிப்பு பொம்மை.

டி.வி.யே இல்லாத அந்த அம்மா போன மாதம் 'எத்தனை நாடகம் பார்ப்பீர்கள்' என்ற கேள்விக்கு ஏழு என்று எழுதினார். நாலு ஹாலில் உள்ள டி.வி.யில், மூன்று படுக்கையறையில் உள்ளதில் என்று பிரித்துக் கணக்கும் கொடுத்திருந்தார். 2011 பதிவேட்டைத் திருத்த முடியுமானால் திருத்திக்கொள்ளவும்.

வயது விஷயத்துக்கு வருவோம். ஜனங்கள் வயதை ஐந்திலும் பத்திலும் முடிப்பார்கள் என்பது தங்கள் அலுவலகத்துக்குத் தெரியாதது அல்ல. நாற்பது, நாற்பத்தஞ்சு, அம்பது என்று ரேஷன் கடை எடைக்கல் மாதிரி சொல்வார்கள். தனுஷ்கோடி புயலின்போது எத்தனை வயது, தாமிரபரணியில் 1992-இல் வெள்ளம் வந்தபோது கடைசிப் பிள்ளை நடந்ததா தவழ்ந்ததா என்றெல்லாம் கேட்டு நாங்கள் குத்துமதிப்பாகப் பிடிப்போம். எங்கள் தெருவில் ஒரு டீச்சர், பிப்ரவரி 2011-இல், 'நாப்பத்தஞ்சுன்னு எழுதிக்கிடுங்க சார்' என்று சொல்ல, நானும் எழுதினேன். போன வைகாசியில் கேள்வி: 'தியேட்டரில் பார்த்த முதல் படம்?' டீச்சர் உற்சாகமாக எழுதினார்: 'திருவிளையாடல்! நாலாம் வகுப்பு படிக்கும்போது அப்பா கூட்டிட்டுப் போனாங்க. படம் வந்த புதுசு. என்ன கூட்டம்!' படம் வந்தது 1965. மீதிக் கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்ளலாம். குழுவில் கணக்கு வாத்தியார்கள் பதினோரு பேர் இருக்கிறோம். பத்து நிமிடத்தில் டீச்சர் அதை அழித்துவிட்டு, 'ரெண்டாவது ரிலீஸ்ல பாத்தது' என்று புதிதாக எழுதினார்.

சட்டத்தின் எட்டாவது பிரிவைத் தாங்கள் படித்திருப்பீர்கள். நான் அடிக்கடி படிப்பேன், அவ்வளவு பிடிக்கும். புருஷன் பெயரைச் சொல்லும்படி எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்தக் கூடாது, வழக்கத்தால் சொல்லக் கூடாத வேறு எவர் பெயரையும் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று 1948-இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். டெல்லியில் உட்கார்ந்து சட்டம் எழுதியவருக்கு எங்கள் ஊர் ஆச்சிகளைத் தெரிந்திருக்கிறது. வீட்டுக்காரர் பேர் என்ன என்று நான் கேட்டதற்கு ஓர் ஆச்சி சுவரில் இருந்த முருகன் படத்தைக் காட்டினார். ஆறுமுகமா? இல்லை. சுப்பிரமணியனா? இல்லை. வேலாயுதமா? ஆச்சிக்குப் பொறுமை போயிற்று. படத்துக்குள் விரலைக் கொண்டுபோய்க் காலடியில் நின்ற மயிலைத் தொட்டார். மயிலேறும்பெருமாள்.

அந்த ஆச்சியின் மருமகளும் எங்கள் குழுவில் இருக்கிறார். 'கணவர் நம்பரைப் போனில் என்ன பெயரில் வைத்திருக்கிறீர்கள்' என்பது ஆடி மாதத்துக் கேள்வி. 'மெயின் ஸ்விட்ச்' என்றார் ஒருவர். 'எடுக்காதே' என்றார் இன்னொருவர். ஆச்சியின் மருமகள் எழுதியது 'ஏ.டி.எம். (பணம் இல்லை)'. கணவர்களும் அதே குழுவில்தான் இருக்கிறார்கள் என்பது பதினொரு மணிக்குமேல்தான் எல்லாருக்கும் உறைத்தது. எட்டாவது பிரிவின் பாதுகாப்பை இனி யாருக்கு நீட்டிப்பது என்று தாங்கள் பரிசீலிக்கலாம்.

தானியக் கேள்விதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. 2020-இல் தாங்கள் அறிவித்த 31 கேள்விகளில், குடும்பத்தில் முக்கியமாக உண்ணும் தானியம் எது என்று ஒன்று இருந்தது. பிறகு கொரோனா வந்து கணக்கெடுப்பே தள்ளிப்போனது, கேள்வி மட்டும் என் மனதில் நின்றுவிட்டது. திருநெல்வேலிப் பக்கம் இதைக் கேட்டால் என்ன பதில் வரும்? அரிசி. நெல்லை வேலி போட்டுக் காத்ததாகப் பெயர் வைத்துக்கொண்ட ஊரில் வேறென்ன சொல்வார்கள்? தாங்கள் அரிசிக்கு உரிய எண்ணைத் தட்டிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடலாம்.

தம்பி இதையே வேறு விதமாகக் கேட்டான். 'நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?' அவ்வளவுதான்.

ரெண்டு சப்பாத்தி, சுகர் முந்நூத்திப் பத்து. கோதுமை ரவை உப்புமா, டாக்டர் அரிசியைத் தொடக் கூடாதுன்னுட்டாரு. ஓட்ஸ் கஞ்சி, மகள் ஆன்லைனில் வாங்கி அனுப்பினது, பசை மாதிரி இருக்கு. நாலு இட்லின்னு வீட்ல நினைச்சிருக்காங்க, வெளியில ரெண்டு புரோட்டா. ராகி தோசை, யாருக்கும் பிடிக்கல, ஆனா பேரன் பேத்தி வந்தாத்தான் அரிசி தோசை. 'மதியம் வச்ச சோறுதான். ஒரு ஆளுக்கு ரெண்டு தடவை உலை வைக்கவா?'

அரிசி என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இத்தனை வீடுகள் இருந்தன. எந்த வீட்டில் சர்க்கரை, எந்த வீட்டில் பிள்ளைகள் வெளிநாட்டில், எந்த வீட்டில் ஒரே ஒரு தட்டு என்று மருந்துக்கடைக்காரனுக்கு ஒரே காலையில் தெரிந்துவிட்டது. அவன் நல்ல பையன். தெரிந்ததை வைத்து அவன் செய்தது, சர்க்கரை பரிசோதனைப் பட்டைக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி என்று குழுவில் போட்டதுதான். திங்கட்கிழமையே விற்றுத் தீர்ந்தது.

இந்த முறை சாதியையும் எண்ணப்போகிறீர்கள். முழுக் கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளையும் எண்ணுவது 1931-க்குப் பிறகு இப்போதுதான். என்ன கேட்பது, எப்படிக் குறிப்பது என்று டெல்லியில் அறை அறையாகக் கூட்டம் நடந்திருக்கும். எங்கள் குழுவில் சாதி பேசத் தடை. ஆகவே யாரும் பேசுவதில்லை. மறுவீட்டில் சொதி வைப்பீர்களா, கருவாட்டுக் குழம்புக்குத் தேங்காய் அரைப்பீர்களா, புரட்டாசி சனிக்கிழமை அடுப்பில் என்ன இருக்கும், கொடைக்கு எந்தக் கோயிலுக்குப் போவீர்கள் என்று மட்டும் அன்பாக விசாரிப்பார்கள். நாலாவது பதிலுக்குள் 160 வீடும் தெருவாரியாகப் பிரிந்து நின்றுவிடும். கட்டமும் வேண்டாம், குறியீட்டு எண்ணும் வேண்டாம். இந்த முறையைத் தங்கள் அலுவலகத்துக்குக் கற்றுக்கொடுக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். தெரியாமலே இருக்கட்டும்.

தம்பியைப் புகழ்ந்துகொண்டே போகிறேனே, எச்சரிக்கையும் சொல்ல வேண்டாமா? சொன்னவர் இருக்கிறார். குழுவில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர். 'முதலில் படித்த பள்ளி, முதலில் வளர்த்த நாயின் பெயர்' என்று கேள்வி வந்த அன்று மனிதர் கொதித்துவிட்டார். இதெல்லாம் கடவுச்சொல் மறந்தால் வங்கிகள் கேட்கிற ரகசியக் கேள்விகள், யாரும் எழுதாதீர்கள் என்று நீளமாக ஒரு குரல் பதிவு போட்டார். அதன் கடைசியில், என் நாய் டைகர் செத்து நாற்பது வருடம் ஆகிறது, இன்றைக்கும் அதன் பெயரைத்தான் எங்கேயும் கொடுக்கிறேன் என்று குரல் தழுதழுக்கச் சொல்லி முடித்தார். அன்றைக்கு மதியமே அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் பேரன் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருந்தான். (அம்மாவின் கன்னிப் பருவக் குடும்பப் பெயர் என்று ஒரு ரகசியக் கேள்வி கேட்பார்களே, அது எங்களுக்குச் செல்லாது. எங்கள் அம்மாக்களுக்குக் கல்யாணத்தில் மாறியது ஒரு எழுத்து இனிஷியல்தான். அதைக் கண்டுபிடிக்கத் திருடனுக்கு அதிக நேரம் ஆகாது.)

2018-இல் ஃபேஸ்புக் ஒரு கணக்கு கொடுத்தது, தாங்கள் அதைக் கவனித்தீர்களா தெரியவில்லை. 'நீ எப்படிப்பட்ட ஆள்' என்று சொல்லும் ஒரு வினாடி வினாச் செயலி. இந்தியாவில் அதை நிறுவிக்கொண்டவர்கள் 335 பேர். அவர்களது நட்பு வட்டம் வழியாகத் தகவல் போயிருக்கக்கூடியவர்கள் 5,62,120 பேர். ஐயா, இருபது நாள் அலைந்து நான் எண்ணியது எழுநூற்றுச் சொச்சம் பேர். அந்த 335 பேர் செருப்புத் தேயாமல், மதிப்பூதியம் வாங்காமல், தாம் எண்ணுகிறோம் என்றே தெரியாமல் ஐந்தரை லட்சத்துக்கு மேல் எண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். எங்களிடம் சொன்ன பதிலை நீதிமன்றத்தில் சாட்சியமாகக்கூட எடுத்துக்கொள்ள முடியாது என்கிறது தங்கள் சட்டத்தின் பதினைந்தாவது பிரிவு. அப்படிப்பட்ட எங்களிடம்தான் டி.வி.யை ஒளித்தார்கள்.

ஆகவே தம்பியைத் தங்கள் அலுவலகத்தில் சேர்த்துக்கொள்ளும்படி பரிந்துரைக்கிறேன். சம்பளம் எதிர்பார்க்க மாட்டான், மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வருவான். தாங்கள் இம்முறை மக்கள் தாமாகவே இணையத்தில் விவரம் பதிவதற்கு வசதி செய்திருப்பதாக அறிகிறேன். நல்லது. ஆனால் 'வீட்டின் நிலை: நன்று / வசிக்கத்தக்கது / பாழடைந்தது' என்று கேட்டால் எங்கள் ஆட்கள் பக்கத்தை மூடிவிடுவார்கள். 'மழைக்கு உங்கள் வீட்டில் எந்த இடத்தில் வாளி வைப்பீர்கள்' என்று கேட்டுப் பாருங்கள். படத்தோடு வரும். ஒரு வீட்டார் பதிலை அனுப்பியதும் இன்னொரு வீட்டார் 'எங்க வீட்லயும் அதே இடம்தான்' என்று எழுதவும் ஒரு வழி செய்துவிட்டால், தாங்கள் கணக்குக்குக் குறித்திருக்கும் 2027 மார்ச் 1-ஆம் தேதி நள்ளிரவு வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. நான் எண்ணிய காலத்தில் ஒருவரும் என்னிடம், மற்ற வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்காமல் விட்டதில்லை. ரகசியம் என்பதால் நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருப்பார்கள்.

தங்கள் கணக்கெடுப்பாளர் என் வீட்டுக்கு வரும்போது மறைக்காமல் சொல்வேன். தளம் போட்ட வீடு, இரண்டு அறை, குழாய்த் தண்ணீர், ஒரு டி.வி., தானியம் அரிசி, ஆட்கள் ஒருவர். மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். காப்பி போட்டுத் தருகிறேன் என்றால் நிற்க மாட்டார், நானும் நின்றதில்லை, அடுத்த வீடு இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் கணக்கெடுப்பாளர்.

பி.கு.: 2020 பட்டியலில் கைபேசி எண்ணையும் கேட்டிருந்தீர்கள், கணக்கெடுப்புத் தொடர்பான தகவலுக்கு மட்டும் என்று. தாராளமாகத் தருகிறேன். அந்த 'மட்டும்' என்பதை எனக்காகக் கொஞ்சம் தளர்த்த முடியுமா என்று பார்க்கவும். மருந்துக்கடைத் தம்பி தங்கை கல்யாண வேலையில் இருக்கிறான், மூன்று ஞாயிறாகக் கேள்வி வரவில்லை. நான் ஐந்தே முக்காலுக்கு எழுந்துவிடுவேன்.