யாழ்மூரி ஊரில் ஒரு வீணை

கேள்வி: பழைய தஞ்சாவூர் வீணையை ஆன்லைனில் விற்கப் போகிறேன். போட்டோவில் குடத்து விரிசலை எடிட் பண்ணி மறைத்துவிடலாமா?
– ஒரு வாசகர், தருமபுரம், காரைக்கால்

பதில்: உங்கள் ஊர்ச் சுவாமி பெயரே யாழ்மூரிநாதர்! சம்பந்தர் பதிகம் யாழில் அடங்கவில்லையென்று திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழையே உடைக்கப் போனார். சம்பந்தர் தடுத்தார் என்கிறது பெரியபுராணம். தடுத்திராவிட்டால், ‘லேசான சேதம், விலை பேசலாம்’ என்று யாழ்ப்பாணரும் படம் போட வேண்டியிருந்திருக்கும்.

விரிசலைக் கிட்டத்தில் எடுத்தே போடுங்கள். 24 மெட்டுகளும் மெழுகும் தெரிய இன்னொரு படம். வெளிச்சத்தைக் கூட்டலாம், தப்பில்லை. பலாமரத்தைத் தேக்கு நிறமாக்க வேண்டாம். முக்கியமாக, வீணையின் யாளித் தலைக்குப் பின்னால் கொடியில் காயும் லுங்கியை வெட்டிவிடுங்கள். ‘அதுவும் சேர்த்துத்தானே?’ என்று பேரம் பேசுவார்கள்.